காணாமற் போனவரைத் தேடுவதில் தாமதம் தகாது

மாலை மங்கி விளக்கு வைக்கும் நேரம். தோட்டத்து லயங்களில் அடுப்புப் புகை எழுகின்றது. திடலில் விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராய் வீடு திரும்பி விட்டனர். ஒரு வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை வரவில்லை. தாய் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கின்றாள்; பதில் இல்லை. அடுத்த வீட்டில் கேட்கின்றாள், அங்கும் இல்லை.

இனி என்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். "எங்கே போய்விடுவான்? வந்து விடுவான்" என்று ஒருவர் ஆறுதல் கூறுவார். தந்தை வேலை முடிந்து வரட்டும் என்று சிறிது நேரம் கழியும். இளைஞர் இருவர் மோட்டார் சைக்கிளில் கடைத்தெரு வரை சென்று வருவர். குறி கேட்டுப் பார்க்கலாம் என்று மற்றொருவர் யோசனை சொல்வார். காணாமற் போனது வயது வந்த பெண்ணாக இருந்துவிட்டாலோ, "வெளியில் சொல்ல வேண்டா, குடும்ப மானம் போய்விடும்" என்று கதவு சாத்தப்படும். காவல் நிலையத்தின் நினைவு வரும்போது பொழுது விடிந்திருக்கும்.

இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே நமது கருத்து. ஒருவரைக் காணவில்லை என்றால் தேடுதலும் புகார் செய்தலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று இருத்தல் ஆகாது. ஆண்டு மலரில் இத்தகைய துயரப் பொருளை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. துயரம் நேர்ந்த பின் படிப்பதைக் காட்டிலும், அமைதியாக இருக்கும் நாளில் படித்து வைத்திருப்பதே பயன் தரும்.

முன்னோர் பட்ட துயர்

தோட்டத்தில் பெரட்டு என்றால் என்ன என்பது நம் மூத்தோருக்கு நன்கு தெரியும். விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்பர். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஒருவர் வரவில்லை என்றால் அப்பொழுதே தெரிந்துவிடும். அது கூலிக்காக எடுத்த கணக்கே அன்றி, அன்பினால் எடுத்த கணக்கு அன்று. ஆயினும் ஒருவர் இல்லை என்ற செய்தி அன்று காலையிலேயே ஊருக்குத் தெரிந்தது.

பெயர் வாசித்தும் பயனில்லாத ஒரு காலமும் வந்தது. 1942ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை ஜப்பானியர் மலாயாவை ஆண்டனர். சயாமையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சென்றோர் உண்டு; வலிந்து இழுத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. அப்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டவர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் நோயாலும் பசியாலும் மாண்டனர் என்றும் வரலாற்றறிஞர் மதிப்பிடுகின்றனர்.

இங்கே ஓர் உண்மையை நாம் உற்று நோக்க வேண்டும். அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். காஞ்சனாபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்குச் சென்று மலர் வைக்கின்றனர். நம்மவருக்கு அத்தகைய கல் இல்லை. அவர்களின் பெயர்களை முறையாக எழுதி வைத்தோர் இல்லை. கணவன் இருக்கின்றானா, இல்லையா என்று அறியாமலேயே எத்தனையோ தாய்மார்கள் நெற்றியில் குங்குமம் இடுவதா, அழிப்பதா என்று தவித்தனர். இறந்தார் என்ற செய்தி கிடைத்தால் அழுது ஆறலாம். எந்தச் செய்தியும் இல்லாத துயரம் ஆறுவதே இல்லை.

எழுதப்படாதவர் இரண்டாம் முறையும் காணாமற் போகின்றார் என்பதே அவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். அன்று கேட்பதற்கு இடமில்லை. கேட்டவருக்கும் ஆபத்து இருந்தது. இன்று காவல் நிலையம் இருக்கின்றது, தொலைபேசி இருக்கின்றது, சட்டம் இருக்கின்றது. வழி இல்லாத காலத்தில் நம் முன்னோர் வாய் மூடியிருந்தனர் என்றால் அதற்குக் காரணம் உண்டு. வழி இருக்கும் காலத்தில் நாம் வாய் மூடியிருந்தால் அது குற்றமாகும்.

மூன்று தவறான எண்ணங்கள்

தாமதத்திற்குக் காரணமான தவறான எண்ணங்கள் மூன்று நம்மிடையே உலவுகின்றன.

இருபத்து நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே காவல் நிலையத்தில் புகாரை ஏற்றுக்கொள்வார்கள் என்பது முதல் எண்ணம். இது திரைப்படங்களில் பார்த்து நாம் கற்றுக்கொண்ட பாடம். நம் நாட்டில் அவ்வாறு காத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. காணவில்லை என்று தெரிந்த அந்த நேரத்திலேயே எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். காத்திருக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம், சிறுவர்கள் கடத்திக் கொல்லப்பட்ட வழக்குகளை ஆராய்ந்து 2006இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவ்வழக்குகளுள் 76 விழுக்காட்டில், கடத்தப்பட்ட மூன்று மணி நேரத்திற்குள்ளேயே பிள்ளையின் உயிர் போயிருந்தது. இத்தகைய கொடுமை மிக அரிதாகவே நிகழ்கின்றது. காணாமற் போவோரில் மிகப் பெரும்பாலோர் நலமுடன் திரும்புகின்றனர். பெற்றோர் வீணாக அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அரிதான அந்த ஒன்று நம் வீட்டில் நேராது என்று யாரால் உறுதி கூற முடியும்? முதல் மூன்று மணி நேரத்தின் அருமையை இக்கணக்கு உணர்த்துகின்றது.

பிள்ளை சிறிது நேரத்தில் வந்துவிட்டால் காவலர் சினம் கொள்வாரே, ஊரார் சிரிப்பாரே என்பது இரண்டாம் எண்ணம். பிள்ளை வந்துவிட்டால் நிலையத்திற்குத் தெரிவித்துவிடலாம், அவ்வளவுதான். வீண் புகார் என்று நாம் நாணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தீப்பிடித்ததோ என்று ஐயுற்று அழைத்த வீட்டில் தீ இல்லை என்றால், அதற்காக மகிழ வேண்டுமே அன்றி வெட்கப்படலாமா?

மூன்றாவது எண்ணம் குடும்ப மானம் பற்றியது. இதுவே மிகக் கொடியது. காணாமற் போகும் இளையோருள் பதின்ம வயதினரே மிகுதி என்று நம் நாட்டுக் காவல் துறையினர் பலமுறை கூறியுள்ளனர். தேர்வில் தோல்வி, வீட்டில் சச்சரவு, நட்பினால் வந்த மயக்கம், தொலைபேசி வழியே அறிமுகமான ஒருவரின் அழைப்பு எனக் காரணங்கள் பல. தானாகவே சென்றாள் என்பதால் அவளுக்கு ஆபத்து இல்லை என்று எண்ணுவது பேதைமை. ஆசை காட்டி அழைத்துச் செல்பவனும் கடத்துபவனே. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சென்ற இடம் தெரியாமல் இருக்க, ஊரின் வாயை எண்ணி மூன்று நாள் மறைத்து வைக்கும் குடும்பம் எதைக் காக்கின்றது? தேடுவதால் மானம் போகாது. தேடாமல் இருப்பதால்தான் போகும். ஊராரும் தம் பங்கை உணர வேண்டும். தேடிச் செல்லும் தாயைப் பார்த்துப் புறம் பேசுகின்ற நாவே அடுத்த வீட்டுத் தாயை வாய் மூட வைக்கின்றது.

நாட்டிற்கு ஒரு பாடம்

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், கோலாலம்பூர் வங்சா மாஜுவில் வீட்டருகே இருந்த இரவுச் சந்தைக்குச் சென்ற நூரின் என்ற எட்டு வயதுச் சிறுமி வீடு திரும்பவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவளுடைய உயிரற்ற உடலே கிடைத்தது. நாடே கண்ணீர் விட்டது. இனம், சமயம் பாராமல் எல்லா வீடுகளிலும் பெற்றோர் தம் பிள்ளைகளை அணைத்துக் கொண்டனர்.

அமெரிக்காவில் 1996இல் ஆம்பர் என்ற ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பின், காணாமற் போன பிள்ளையின் அடையாளத்தை வானொலியும் தொலைக்காட்சியும் உடனே அறிவிக்கும் முறை அங்கே தோன்றியது. அதனைப் போன்ற ஒரு முறை நம் நாட்டிலும் வேண்டும் என்ற குரல் நூரினின் மறைவுக்குப் பின் வலுத்தது. 2011இல் 'நூர் அலர்ட்' என்ற அவசர அறிவிப்பு முறை தொடங்கப்பட்டது. அச்சிறுமியின் பெயரே அதில் ஒலிக்கின்றது. ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. எத்துணைச் சிறந்த அறிவிப்பு முறை இருந்தாலும், அது குடும்பத்தார் புகார் செய்த பின்னரே இயங்கத் தொடங்கும். நாம் காலை வரை காத்திருந்தால் அதுவும் காலை வரை உறங்கும்.

செய்ய வேண்டியவை

ஒருவரைக் காணவில்லை என்றவுடன் அஞ்சி எல்லாரும் எல்லாத் திசையிலும் ஓடுவது பயன் தராது. பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று வேலையைப் பிரித்துத் தர வேண்டும்.

முதலாவதாக, சிறு பிள்ளையாயின் நீர்நிலைகளைப் பார்த்தல் வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரம் தாழ்ந்த நிலம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வடிகால்களும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சிலாங்கூர் ஆறும் அருகில் உள்ளது. நீரில் விழுந்த பிள்ளைக்கு நிமிடங்களே உண்டு. ஆகவே இருவர் உடனே வாய்க்கால், குளம், கிணறு ஆகியவற்றை நோக்கி விரைய வேண்டும். வேறு இருவர் வீட்டுக்குள் கட்டிலடி, அலமாரி, குளியலறை, நிறுத்தி வைத்த வாகனம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒளிந்து விளையாடிய பிள்ளை அங்கேயே உறங்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவதாக, அதே நேரத்தில் ஒருவர் 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். பிறப்புப் பத்திரம் அல்லது அடையாள அட்டை, அண்மையில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுதல் நலம். கடைசியாகப் பார்த்த நேரம், இடம், உடுத்திருந்த உடையின் நிறம், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, உட்கொள்ளும் மருந்து, நெருங்கிய நண்பர்கள் ஆகிய விவரங்களைக் கூற வேண்டும். மலாய் மொழியில் சொல்லத் தயக்கமாயின் ஆசிரியரையோ, ஆலயக் குழுத் தலைவரையோ, நன்கு பேசத் தெரிந்த இளைஞரையோ உடன் அழைத்துச் செல்லலாம். மொழி தெரியவில்லை என்பதற்காகப் புகார் நிற்கக் கூடாது. புகாரின் நகலைக் கேட்டுப் பெற்று, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். விசாரணை அதிகாரியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓரிரு நாளில் செய்தி வராவிட்டால் மீண்டும் சென்று கேட்பதற்கு அவை துணை புரியும்.

மூன்றாவதாக, பெரியவர் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். பிள்ளை தானே திரும்பி வரக்கூடும், தொலைபேசி ஒலிக்கக்கூடும். சென்றவரின் பை, நோட்டுப் புத்தகம், கைத்தொலைபேசி, படுக்கை ஆகியவற்றைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். அவற்றில் காவலருக்கு வேண்டிய குறிப்பு ஏதேனும் இருக்கலாம்.

நான்காவதாக, தோட்ட அலுவலகம், பள்ளி, பேருந்து நிற்குமிடம், கடைகள், ஆலயம், தஞ்சோங் காராங் மருத்துவமனை, உறவினர் வீடுகள் ஆகியவற்றில் விசாரிக்க வேண்டும். இன்று விரைவுச்சாலைகள் நம் வட்டாரத்தின் வழியே செல்கின்றன. முன்பு மாட்டு வண்டியில் ஒரு நாள் சென்ற தூரத்தை இன்று ஒருவர் அரை மணி நேரத்தில் கடந்துவிடுவார். ஆதலால் அசாம் ஜாவாவில் மட்டும் தேடிவிட்டு நின்றுவிடுதல் போதாது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், கிள்ளான் ஆகிய ஊர்களில் உள்ள உறவினருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, புலனத்தில் செய்தி அனுப்புவோர் பொறுப்புடன் அனுப்ப வேண்டும். புகார் செய்த பின், நிழற்படம், கடைசியாகப் பார்த்த நாள், இடம், காவல் நிலையத்தின் எண் ஆகியவற்றை மட்டும் அனுப்புதல் போதும். ஊகங்களையும் குடும்பச் செய்திகளையும் சேர்த்தல் ஆகாது. "உங்கள் பிள்ளை எங்களிடம் இருக்கின்றான், பணம் அனுப்புங்கள்" என்று எவரேனும் அழைத்தால், பணம் அனுப்பாமல் உடனே காவலருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை கிடைத்தவுடன் அச்செய்தியையும் அனுப்ப வேண்டும். கிடைத்துவிட்ட பிள்ளையின் படம் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருவது அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

இவை அனைத்தும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. நினைவு தடுமாறும் முதியோர், தாம் இளமையில் வேலை செய்த பழைய தோட்டத்தைத் தேடிப் புறப்பட்டுவிடுவது உண்டு. நிரை நிரையாக ஒரே தோற்றத்தில் நிற்கும் செம்பனைக் காட்டில் அவர்களுக்குத் திசை தெரியாது. அவர்களின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றை வைத்தல் நன்று. இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் காணாமற் போனால் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்க இங்கே தாய் இல்லை. ஒரு காலத்தில் நாமும் அவ்வாறு கடல் கடந்து வந்தவர்களே. "ஓடிப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருத்தல் முறையாகாது.

மாணவச் செல்வங்களுக்கு

அன்பு மாணவர்களே, உங்களுக்கும் சில சொற்கள். பெற்றோரின் முழுப் பெயரையும் தொலைபேசி எண் ஒன்றையும் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்யுங்கள். திருவிழாக் கூட்டத்திலோ சந்தையிலோ வழி தவறிவிட்டால் அங்குமிங்கும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்; தேடுபவர் உங்களைக் காண்பது எளிது. சீருடை அணிந்த காவலரிடமோ, கடைக்காரரிடமோ, பிள்ளைகளுடன் வந்துள்ள ஒரு தாயிடமோ உதவி கேளுங்கள். "அப்பா அழைத்து வரச் சொன்னார்" என்று தெரியாதவர் கூறினால் அவருடன் செல்லாதீர்கள். தெரிந்தவரே ஆயினும் வீட்டில் சொல்லாமல் வாகனத்தில் ஏறாதீர்கள். உங்கள் நண்பன் வீட்டை விட்டுப் போகப் போவதாக உங்களிடம் சொன்னால் அதை ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அது காட்டிக் கொடுத்தல் அன்று, காப்பாற்றுதல். வீட்டில் சொல்ல முடியாத துன்பம் இருந்தால் ஆசிரியரிடம் கூறுங்கள்; அல்லது 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு அழையுங்கள்.

பெற்றோர்களே, திரும்பி வந்த பிள்ளையை அடிக்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். பின்னர் காரணம் கேளுங்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் தொலைவு போகும்.

பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாகப் பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். வகுப்பில் நாள்தோறும் வருகைப் பதிவேடு எடுக்கப்படுகின்றது. வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு குறி இடுவதோடு அது முடிந்துவிடக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு பிள்ளை வராதிருந்தால், முதற் பாடவேளை முடியுமுன் வீட்டிற்கு ஓர் அழைப்புச் செல்ல வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்டு வகுப்பை அடையாத பிள்ளையைப் பகல் ஒரு மணிக்குத்தான் தேடத் தொடங்குவது என்றால், அந்த அருமையான மூன்று மணி நேரம் எப்பொழுதோ கழிந்திருக்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. சரியான தொலைபேசி எண்களும் சிறிது அக்கறையுமே வேண்டும். எண் மாறினால் பள்ளிக்குத் தெரிவிப்பது பெற்றோரின் கடமை.

முன்பு தோட்டத்தில் கூலிக்காகப் பெயர் வாசித்தார்கள். இன்று அன்பிற்காக நாம் பெயர் வாசிப்போம். ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில், நம் வீட்டில் எல்லாரும் வந்துவிட்டனரா, அடுத்த வீட்டுப் பாட்டி உள்ளே இருக்கின்றாரா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் விடியும் வரை காத்திராமல் அந்த இரவிலேயே புறப்படுவோம்.